அரையாண்டு விடுமுறைக்கு முன், லீடர்கள் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் கைக்கு வரும். விளையாட்டுப் போட்டிகளில் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள், அறிவியல் கண்காட்சிக்கு நிறையப் பேர் வந்திருந்தீர்கள், மிக்க மகிழ்ச்சி. சரி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் ஐந்தாம் வகுப்புப் பக்கம் போனேன். கரும்பலகை ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று ஏழு பெயர்கள், அதில் ஒன்று மட்டும் கையால் அழித்த தடத்தோடு மங்கலாகத் தெரிந்தது. அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால், "லீடருக்கு ரெண்டு கடலை மிட்டாய் கொடுத்தேன் டீச்சர், அழிச்சிட்டான்" என்கிறான், தப்பு என்ற எண்ணமே இல்லாமல். அப்புறம் ஒரு வாரம் கவனித்தேன். லீடர்களின் பையை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தூக்கி வருகிறார்கள். சத்துணவு வரிசையில் லீடரும் அவர் கூட்டாளிகளும் முதலில், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் கடைசியில், அவர்கள் தட்டுக்கு வரும்போது சாம்பாரில் காயே இல்லை.

இதில் எங்கள் தவறும் உண்டு. சாக்பீஸைக் கையில் கொடுத்து அதட்டச் சொன்னது நாங்கள்தான்.

அடுத்த திங்கட்கிழமை காலை வழிபாட்டில், துருவப் பயணங்கள் போன ஷாக்கிள்டன் என்ற தலைவரின் கதையைச் சொன்னேன். 1915இல் அண்டார்டிகாவின் உறைகடலில் அவருடைய எண்டியூரன்ஸ் கப்பல் நசுங்கி மூழ்கிவிட்டது, பனிப்பாறை மேல் அவரையும் சேர்த்து 28 பேர். கதகதப்பான ரோமத் தூக்கப்பைகள் இருந்ததோ 18 தான். சீட்டுக் குலுக்கினார்கள், தலைவரான ஷாக்கிள்டனுக்கும் கேப்டனுக்கும் குளிர் தாங்காத கம்பளிப் பைதான் வந்தது. தங்களுக்கு அதுதான் வரும்படி அவர்களே பார்த்துக்கொண்டார்கள் என்று மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. பனி உடைந்து படகில் போகும்போது கூட வந்த புகைப்படக்காரர் ஹர்லி கையுறையைத் தொலைத்துவிட, ஷாக்கிள்டன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்து விரல் மரத்துப்போனார். பிறகு 22 பேரை அண்டார்டிகா பக்கத்தில் உள்ள யானைத் தீவில் விட்டு, உதவி தேடி ஐந்து பேரோடு சின்னப் படகில் 1300 கிலோமீட்டர் கடல் கடந்தார். அவர்களை மீட்க மூன்று முறை போய் முடியாமல், நான்காம் முறை 1916 ஆகஸ்ட் 30 அன்று சிலி நாட்டுக் கப்பலில் வந்தவர், கரை சேரும் முன்பே நின்றவர்களின் தலைகளை எண்ணினார். 22 பேரும் இருந்தார்கள். சுற்றுலா முடிந்து பஸ் ஏறும்போது நாங்கள் எண்ணுவோமே, அந்தப் பதைப்புதான்.

அன்றே லீடர்களுக்குப் புது வேலை சொன்னேன். பெயர் எழுதுவது கிடையாது. யார் வரவில்லை, ஏன் வரவில்லை, யார் காலையில் சாப்பிடாமல் வந்தார்கள், புதிதாகச் சேர்ந்த பிள்ளை யாரோடு உட்காருகிறது, இதைப் பார்ப்பதுதான் வேலை. சாப்பாட்டு வரிசையில் லீடர் கடைசி.

மறுநாளிலிருந்து உங்கள் போன்கள். நல்லா படிக்கிற பிள்ளையைக் கடைசியில் நிறுத்துகிறீர்களே, நாலு பேரை அதட்டத் தெரிந்தால்தானே பிழைப்பான், அடுத்த வருஷம் என் பெண்ணுக்கே லீடர் கொடுங்கள் என்றெல்லாம். பிள்ளை மேல் உள்ள ஆசையில் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், இதில் நான் இறங்கி வரப்போவதில்லை. சிபாரிசு வந்தால் எந்தப் பிள்ளையும் லீடர் ஆகாது, சின்னக் குழந்தையைப் பை தூக்க வைத்தால் அன்றே பொறுப்பு போய்விடும். வேன் டிரைவரையும் ஆயாம்மாவையும் பிள்ளைகள் எதிரில் ஒருமையில் பேசுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் இங்கே வந்து அதட்டுகிறார்கள்.

கோபமாக எழுதிவிட்டேனோ தெரியவில்லை. உங்களில் பலர் இதற்கு முன்பே இப்படித்தான் வளர்க்கிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் அம்மா, தன் மகள் லீடரானதிலிருந்து தினமும் இரவு "இன்னைக்கு யாரைப் பார்த்துக்கிட்ட?" என்று கேட்கிறாராம். அந்தப் பெண் போன வாரம் காய்ச்சலில் படுத்த ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனாள். அந்த அம்மாவுக்கும், பொறுமையாக இதைப் படித்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

விடுமுறையில் பிள்ளைகளைக் கிணறு, குளத்துப் பக்கம் தனியாக விடாதீர்கள். பள்ளி திறந்ததும் பார்ப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்