முதலில் பாண், பிறகு இறைச்சி

பலேர்மோ,
ஓகஸ்ட் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கும் அப்பாவின் சுகத்துக்கும் நல்லூரானை வேண்டுகிறேன். திருவிழாவில் வெயிலுக்குள் கனநேரம் நிற்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

"கொடியேறின நாளிலே அந்த ஆட்களின் விருந்தில் என்னத்தைச் சாப்பிட்டாய்?" என்று போனில் கேட்டீர்கள். அந்தச் சத்தத்துக்குள் வடிவாகச் சொல்ல முடியவில்லை. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

ஓகஸ்ட் 15 இங்கே ஃபெராகோஸ்தோ விடுமுறை. மாதாவின் விண்ணேற்புத் திருநாள். எங்கள் மடுத் திருவிழாவும் அன்றைக்குத்தானே. ஆனால் அந்த விடுமுறை அகஸ்துஸ் பேரரசன் காலத்திலிருந்தே வருகிறதாம். கடைகளெல்லாம் பூட்டு. பாதிச் சனம் மொந்தெல்லோ கடற்கரையில், மிச்சப் பேர் மொட்டைமாடியில் தணல் மூட்டிக்கொண்டு. எங்கள் கட்டிடத்தில் பலேர்மோ ஆட்கள், கானா நாட்டார், வங்காளதேசத்தார், நாங்கள், எல்லாரும் ஒரே மாடியில்தான்.

நான் நல்லூர்த் திருவிழா நாட்களில் மச்சம் தொடுவதில்லை என்று கீழ்வீட்டு இத்தாலிக்கார அம்மா சிஞ்ஞோராவுக்குத் தெரியும். எனக்கென்று தனியாக ஒரு கோப்பை எடுத்துவைத்திருந்தால் அதுவே போதும். அவா செய்தது வேறு. கம்பித்தட்டைத் தேய்த்துக் கழுவி, "முதலில் பாண் வாட்டுவம், இறைச்சி பிறகு" என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டா. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை அம்மா. புருஸ்கெத்தாவை, அதுதான் வாட்டின பாணுக்கு மேல் தக்காளி வைத்துச் சாப்பிடுவதை, என் பொறுப்பில் விட்டதும் அவாதான்.

இங்கத்தைய பாணை நீங்கள் பார்க்க வேண்டும். கடினக் கோதுமை ரவை மாவில் செய்வதால் உள்ளே மஞ்சள், மேலே நிறைய எள்ளு. முதல்நாள் பாண்தான் நல்லது, புதுப் பாண் என்றால் தக்காளிச் சாறு பட்டதும் குழைந்துவிடும். விரல் மொத்தத்துக்கு வெட்டித் தணலில் இரண்டு பக்கமும் வாட்ட வேண்டும். கரை கொஞ்சம் கருகலாம்.

தக்காளி இந்தச் சிசிலித் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிற பச்சினோவிலிருந்து வருகிறது. சின்னப் பழம், நல்ல இனிப்பு. ஃபிரிட்ஜில் வைத்தால் வாசம் போய்விடும், அதனால் நான் வெளியேதான் வைப்பேன். துண்டு துண்டாக வெட்டி, உப்புப் பிரட்டி, வடியில் கால் மணித்தியாலம் விட்டால் தண்ணீர் இறங்கிவிடும். அப்படி வடியவிடாவிட்டால் பாண் நனைந்து தொங்கும். பிறகு ஒலிவ் எண்ணெய், காய்ந்த ஒரிகானோ, பசிலிக்கோ. பசிலிக்கோ வேறொன்றுமில்லை, எங்கள் திருநீற்றுப்பச்சைதான். கத்தி பட்டால் கறுத்துவிடும் என்று கையால்தான் கிள்ளிப் போடுகிறார்கள்.

உள்ளிதான் எனக்குப் பிடித்த இடம். த்ராபானிப் பக்கத்து நூபியாவில் விளைகிற சிவப்பு உள்ளி, சரியான காரம். பாண் சூடாக இருக்கும்போதே பச்சைப் பல்லை அதன் மேல் தேய்த்தால், துருவலையில் பட்ட தேங்காய் மாதிரிக் கரைந்து பாணுக்குள் போய்விடும். தக்காளியை அதற்குப் பிறகு, சாப்பிடுகிற ஆள் கையை நீட்டின பிறகுதான் வைப்பேன். முதலே அடுக்கி வைக்கிற வேலையை நான் ஒருக்காலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வினாகிரி ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், இந்த மாதத்துத் தக்காளிக்கு அது தேவையே இல்லை. மாரியில் இந்த வீடுகளில் ஒருவரும் இதைச் செய்வதில்லை.

இறைச்சி தட்டில் ஏற முன்னமே எல்லாருக்கும் பாண் கொடுத்து முடித்துவிட்டேன். வங்காளதேசத்து அக்கா தன் பங்குக்குப் பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டா. அது நல்லாத்தான் இருந்தது. கடைசியாக, வத்தகப் பழச்சாற்றை மாவோடு காய்ச்சி, மல்லிகைப்பூ வாசம் பிடிக்கவைத்து ஆறவிட்ட கெலோ வந்தது. அதுவும் சைவம், இரண்டு தரம் வாங்கினேன்.

நீங்களும் செய்து பாருங்கள். அச்சுப் பாண் வேண்டாம், றோஸ் பாணை வாங்கி ஒருநாள் வைத்திருங்கள். சிரட்டைத் தணல் நல்லாய் இருக்கும். நல்லெண்ணெய் விட்டால் அதன் வாசமே முன்னுக்கு நிற்கும், அதனால் மாமி மார்கழியில் வரும்போது ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெய் கொடுத்துவிடுகிறேன். தை, மாசியில் எங்கள் தோட்டத்துத் தக்காளி பழுத்ததும் செய்யுங்கள். அப்பாவுக்கு நெஞ்செரிவு வரும், அவருடைய பாணில் மட்டும் உள்ளியைக் கொஞ்சமாகத் தேயுங்கள்.

தேர் அன்றைக்கு எனக்காகவும் ஒரு தேங்காய் உடையுங்கள்.

உங்கள் அன்பு மகள்