ஓதம் ஏறிய சுவர்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. திட்டுவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுத் திட்டு. சுந்தரி அக்கா நலம். உன் ரசத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிப் பெயின்ட் உரிகிறது, "குடியிருக்கிறவங்கதான் பார்த்துக்கணும்" என்று ஹவுஸ் ஓனர் சொல்ல, நீயும் சரி என்று வந்துவிட்டாயாமே! எனக்குப் பொறுக்கவில்லை. 1960-ம் ஆண்டு வாடகைச் சட்டம் போய், தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம் நடக்கிறது. எந்தப் பழுது யாருடையது என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துப் போட்டிருக்கிறது. கட்டடப் பழுது (நீ உண்டாக்கிய சேதம் தவிர), சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்ப் பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை உன் செலவு. ஆகவே போன மாதம் கீசருக்காக நீ போட்ட சண்டை நியாயமில்லை.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார். ஓர் அடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் வைத்துச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடு. தாளின் உட்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை, அதற்கு ஓனரைக் குறை சொல்ல முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைதானே? சில நாள் அதைப் புழங்காமல் இரு. ஈரம் குறைந்தால் கழிவுநீர்ப் பாதையிலோ தரை ஓட்டிலோ கசிவு. குறையவே இல்லையென்றால், சுவருக்குள் போகும் தண்ணீர்ப் பைப்பைச் சந்தேகப்படலாம்.

பிறகு வாயால் பேசாதே, எழுது. தேதியோடு படம், பிளம்பர் தந்த எஸ்டிமேட், இரண்டையும் இணைத்து ஒப்புகையோடு தபாலில் அனுப்பு. அதற்கும் அவர் செய்ய மறுத்தால் நீயே செய்து வாடகையில் கழிக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. வாடகை 14,000, செலவு 21,000 என்றால் மாதம் 7,000 வீதம் மூன்று மாதம். ரசீதுகளை எடுத்து வை.

கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதே, கோமதி. மூர்த்தி செய்த தப்பு அதுதான். இரண்டு மாத பாக்கி வெளியேற்றவே காரணமாகிவிடும். பழுதுச் சண்டையில் நியாயம் உன் பக்கம் இருந்தாலும் அங்கே அது எடுபடாது. ஓனர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் உடனே வாடகை அதிகாரியிடம் போ. துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர், இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. அதற்கு முன், உங்கள் ஒப்பந்தம் அவரிடம் பதிவாகிப் பதிவு எண் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடு.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பதும் சட்டம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது செல்லும். நீ கொடுத்தது பத்து மாதம். அந்தப் பக்கத்தைப் படித்தாயா?

பாலிதீனில் எந்தப் பக்கம் வியர்த்தது என்று உடனே எழுது.

உன்,
வசந்தா