ஒரகடம் சாலையில் ஷிஃப்ட் நேரத்துக்கு அரசுப் பேருந்து இயக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஒரகடம் சுற்றுவட்டார ஒப்பந்தத் தொழிலாளர்கள்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: சிங்கப்பெருமாள் கோவில் – ஒரகடம் – ஸ்ரீபெரும்புதூர் சாலையில் தொழிற்சாலைகளின் ஷிஃப்ட் நேரத்தை ஒட்டிப் பேருந்து இயக்கவும், ஒரகடம் கூட்டுரோட்டில் விளக்குடன் நிழற்குடை அமைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். ஒரகடத்தைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் கான்ட்ராக்ட் முறையில் உதிரிபாகச் சோதனை, கேன்டீன், துப்புரவு, சரக்கு ஏற்றி இறக்குதல் போன்ற வேலைகளைப் பார்க்கும் நாங்கள், அருகிலுள்ள மாத்தூர், வல்லம், பண்ருட்டி முதலிய ஊர்களில் குடியிருக்கிறோம். எங்களில் சிலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். பலர் வேலை தேடி வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, ஓர் அறைக்கு நான்கைந்து பேராக வாடகைக்கு இருப்பவர்கள். நிரந்தரத் தொழிலாளர்கள் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லாததால்தான் இந்த மனுவைத் தங்கள் முன் வைக்கிறோம்.

கடற்கரையை ஒட்டி வளர்ந்த சென்னை இடம் போதாமல் மேற்கே நகரத் தொடங்கியபோது, ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த எங்கள் ஊர்கள்தான் அதற்கு இடம் கொடுத்தன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. 2010 முதல் ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் வந்தன. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அரசாணை வெளியானது; எங்கள் பகுதியும் அதற்குள் அடங்கியது. இப்போது மனை வாங்க வருகிறவர்களிடம் இடத்தரகர்கள் 'சென்னைக்குள்ளேயே' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் கூட்டுரோட்டில் நிற்கும் எங்களுக்கு மட்டும் சென்னை வெகு தொலைவில் இருக்கிறது.

ஓர் இரவில் நடப்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டி மேம்பாலத்தின் அடியில் வந்து நிற்கும்போது மணி பத்தரை ஆகிவிடும். நிழற்குடை இல்லாததால் பெண்கள் ஒரு டீக்கடையின் மூடிய ஷட்டரை ஒட்டி வரிசையாக நிற்பார்கள். கன்டெய்னர் லாரி திரும்பும்போது முகப்பு விளக்கு ஒருமுறை எல்லார் முகத்திலும் அடித்துவிட்டுப் போகும், பிறகு மீண்டும் இருட்டு. எங்களோடு நிற்கும் கேன்டீன் அக்கா ஒருவர், பேருந்து வந்தால் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே கைப்பேசியின் டார்ச்சைச் சாலைப் பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பார். பெரும்பாலான நாட்களில் வருவது ஷேர் ஆட்டோதான். பகலில் இருபது ரூபாய்க்கு ஏற்றுகிறவர்கள் இரவில் ஐம்பது கேட்கிறார்கள். அவரவர் மடியில் டிபன் பை, பின்பலகையில் இரண்டு பேர் தொங்கல் என்று பதினொரு பேரை ஏற்றிய பிறகுதான் வண்டி நகரும். பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று 2021 மே மாதம் முதல் அரசு அளித்துவரும் சலுகை எத்தனையோ குடும்பங்களைத் தாங்குகிறது. பேருந்தே வராத நேரத்தில் வேலை முடிப்பதால் அந்த அக்காவுக்கு அது கிடைப்பதில்லை. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆட்டோவுக்கே போகிறது.

ரயில் இருந்தால் இந்தச் சிரமம் பாதி குறையும். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் புதிய பாதை அமைக்க 2013-14 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் அனுமதி தரப்பட்டும் தண்டவாளம் இன்னும் வரவில்லை. பூவிருந்தவல்லியிலிருந்து பரந்தூர் வரை திட்டமிடப்பட்டுள்ள மெட்ரோவும் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிச் செல்வதால் ஒரகடத்தைத் தொடாது. ஆகவே இன்றைக்கு எங்களுக்கு இருக்கும் ஒரே ரயில், சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி சிங்கப்பெருமாள் கோவிலில் நின்று போகும் புறநகர் ரயில். அந்த 12 கிலோமீட்டரைக் கடக்க வழியில்லாமல் கடைசி ரயிலைத் தவறவிட்டு, நடைமேடையிலேயே விடியும்வரை படுத்திருந்தவர்கள் கையொப்பமிட்டவர்களில் மூன்று பேர்.

எனவே, காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு ஆள் வந்து சேரும்படி ஐந்து மணி அளவிலும், இரண்டாவது ஷிஃப்ட் முடிந்த பிறகு இரவு பத்தரை, பதினொன்றே கால் ஆகிய நேரங்களிலும், புறநகர் ரயில் நேரத்தோடு பொருந்துமாறு இச்சாலையின் இரு திசைகளிலும் சாதாரணக் கட்டணப் பேருந்துகளை இயக்கப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம். முதலில் இரண்டு பேருந்துகளை மூன்று மாதத்துக்குச் சோதனையாக ஓட்டிப் பார்த்தாலும் போதும். இருக்கை காலியாகப் போகாது என்று உறுதியாகச் சொல்ல முடியும். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில், கூட்டுரோட்டில் பேருந்து நிற்கும் இடத்தைக் கோடிட்டு ஒதுக்கி, உயர்கோபுர விளக்கும் நிழற்குடையும் அமைக்க உத்தரவிட வேண்டுகிறோம். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களைப் பிரதான சாலையோடு இணைக்க மினி பேருந்துத் திட்டத்தில் வழித்தடம் ஒதுக்க முடியுமா என்பதையும் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு, இந்தச் சாலையின் ஒரு முனை அந்த மாவட்டத்திலும் மறுமுனை தங்கள் மாவட்டத்திலும் இருக்கிறது. இதே கோரிக்கையை முன்பு ஓர் அலுவலகத்தில் கொடுத்தபோது, 'சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது' என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. அந்தச் சம்பந்தப்பட்ட அலுவலகம் எது என்று இரண்டு முறை விடுப்பு எடுத்து அலைந்தோம். கான்ட்ராக்ட் வேலையில் விடுப்பு என்றால் அன்றைய கூலி இல்லை. ஆகவே செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியருடன் கலந்து பேசி, இரு மாவட்டத்துக்கும் பொதுவாக ஓர் அலுவலரைப் பொறுப்பாக நியமித்து, அவருடைய பதவியையும் அலுவலகத் தொலைபேசி எண்ணையும் எழுத்துமூலம் எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

தாங்களோ தங்கள் சார்பில் ஓர் அலுவலரோ ஏதேனும் ஒரு வேலைநாள் இரவு பத்தரை மணிக்கு ஒரகடம் கூட்டுரோட்டுக்கு வந்து பார்வையிட்டால், இங்கே எழுதியுள்ளதை நேரில் காட்டக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஒரகடம் சுற்றுவட்டார ஒப்பந்தத் தொழிலாளர்கள்

இணைப்பு: 43 பேரின் கையொப்பப் பட்டியல், ஷிஃப்ட் நேரப் பட்டியல், கூட்டுரோட்டில் இரவில் எடுத்த புகைப்படங்கள்.