கலிபோர்னியாவில் ஓட்டுப் போடும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

கவர்னர் தேர்தல் நடக்கும் ஆண்டுகளில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சிலரின் பெயரும் வாக்குச்சீட்டில் வரும். எதிர்வேட்பாளர் கிடையாது, 'ஆம்', 'இல்லை' இரண்டுதான். ஊரில் நீதிபதிக்கு ஓட்டுப் போட்டுப் பழகாத நாம் பெரும்பாலும் அதை நிரப்பாமல் தாண்டிவிடுகிறோம். நிரப்பாதது எந்தக் கணக்கிலும் சேராது. விழுந்த ஓட்டில் பாதிக்கு மேல் 'ஆம்' என்றால் பதவி நிலைக்கும். முழுத் தவணை 12 ஆண்டுகள்.

1986 நவம்பரில் என்ன நடந்தது என்பதைத் தயவுசெய்து தெரிந்துகொள்ளுங்கள். அம்மாநிலத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட். 1977இல் கவர்னர் ஜெரி பிரவுன் நியமித்தார். ஒப்புதல் தரும் மூவர் குழுவில் 2-1 என்றுதான் தேறினார். அதற்கு முன் நீதிபதியாக இருந்ததில்லை. பிரவுன் அமைச்சரவையில் வேளாண்மைத் துறையைப் பார்த்தவர், பண்ணைத் தொழிலாளர் சட்டம் உருவாகப் பாடுபட்டவர். தன் முன் வந்த மரண தண்டனை வழக்கு ஒவ்வொன்றிலும் தண்டனையை ரத்து செய்யவே அவர் வாக்களித்தார். 1986 தேர்தலில் அதை வைத்தே அவருக்கு எதிராகப் பிரசாரம் நடந்தது. பணம் கொடுத்தவர்களில் பெருவிவசாயிகளும் வணிக நிறுவனங்களும் இருந்தனர். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் 'இல்லை' என்றனர். க்ரூஸ் ரெய்னோசோ, ஜோசப் குரோடின் ஆகிய நீதிபதிகள் இருவரும் அவரோடு வெளியேறினர்.

அந்த ரத்துகளுக்குப் பின்னால் என்ன சட்டக் கேள்வி இருந்தது என்பதைப் பலர் பார்க்கவே இல்லை. கொள்ளை போன்ற குற்றத்தின்போது நடந்த கொலைக்கு மரண தண்டனை கேட்டால், கொல்லும் நோக்கம் இருந்ததையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று 1983இல் கார்லோஸ் வழக்கில் இந்த நீதிமன்றம் சொன்னது. முந்தைய விசாரணைகளில் ஜூரிகளிடம் அந்தக் கேள்வியே வைக்கப்பட்டிருக்கவில்லை. அதனால் பல தண்டனைகள் ரத்தாயின. தண்டனை ரத்தானால் கைதி விடுதலை என்று பொருளல்ல, பெரும்பாலும் மறுவிசாரணைதான். 1987இல், அந்த மூன்று நீதிபதிகளும் போன பிறகு, அதே நீதிமன்றம் ஆண்டர்சன் வழக்கில் கார்லோஸ் தீர்ப்பை மாற்றியது. சட்டத்தின் வாசகம் இரண்டுக்கும் இடம் தந்தது என்பதே எங்கள் கருத்து. ஆளை நீக்கும் அளவுக்கு அதில் குற்றமில்லை.

எனவே, முடிவை மட்டும் பார்த்து ஓட்டுப் போடாதீர்கள். வாக்காளர் கையேட்டில் இருப்பது சுருக்கமான வாழ்க்கைக் குறிப்பு, அது போதாது. தீர்ப்புகள் வழக்கமாகத் திங்கள், வியாழன் காலை 10 மணிக்கு நீதிமன்ற இணையதளத்தில் வரும். ஒரு நீதிபதி எழுதியதில் இரண்டை எடுங்கள்: ஒன்று பெரும்பான்மைத் தீர்ப்பு, மற்றது மாறுபட்ட தீர்ப்பு. எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நேராக எடுத்துப் பதில் சொல்கிறாரா, ஒதுக்கிவிட்டுப் போகிறாரா என்று பாருங்கள். பிறகு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ நிரப்புங்கள்.