அக்ரிலிக் பசை புகார் - நாலாவது தடவ எழுதுறேன், இதையாவது முழுசா படிங்க

வணக்கம் சார் / மேடம்,

இதுக்கு முன்னாடி மூணு மெயில் போட்டுட்டேன், மூணுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ஒரே பதில்தான். நான் அனுப்புனது கருத்து இல்லங்க, புகார். நேத்து பாத்தா புகார் டிக்கெட்ட வேற க்ளோஸ் பண்ணிருக்கீங்க, "வாடிக்கையாளர் திருப்தி அடைந்தார்"னு போட்டு. யாருங்க அந்த வாடிக்கையாளர், நானும் பாக்கணும் அவர.

விஷயம் இதான். 5 மில்லிமீட்டர் கிளியர் அக்ரிலிக் ஷீட்ட (கண்ணாடி மாதிரி இருக்குற பிளாஸ்டிக்) லேசர்ல வெட்டி வாங்கி, ஆறு மாசம் உக்காந்து செஞ்ச மரக் கப்பல் மாடலுக்கு ஒரு பெட்டி செய்யலாம்னு நெனச்சேன். உங்க சிவப்பு மூடி பசை பாட்டில், எதுன்னு உங்களுக்கே தெரியும், பின்னாடி லேபிள்ல அக்ரிலிக்னு எழுதி டிக் போட்டிருக்கீங்களே, அதான். அந்த டிக்க நம்பித்தான் வாங்குனேன். ஒட்டுறதுக்கு முன்னாடி உங்க கஸ்டமர் கேருக்கு போன் வேற பண்ணேன், ஜாக்கிரதையா இருக்கணும்னு. ஒரு பொண்ணு மரியாதையாத்தான் பேசுனாங்க, ஒட்டிட்டு 24 மணி நேரம் நல்லா மூடி வச்சிருங்க சார்னு சொன்னாங்க. கப்பல உள்ள வச்சு ஒட்டி மூடி வச்சேன்.

காலைல பாத்தா ஜாயிண்ட் ஓரமெல்லாம் கண்ணாடில மூச்சு விட்ட மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு. மூச்சுன்னா மறைஞ்சிரும், இது மறையல. உள்பக்கம் பூரா, கப்பலோட கருப்பு பெயிண்ட் மேல கூட, மாவு தூவுன மாதிரி. அது சூப்பர் க்ளூ வகை, அதுல இருந்து வர்ற ஆவி சுத்தி எங்கயாவது படிஞ்சு வெள்ளையாகும், காத்தோட்டம் இல்லாம மூடி வச்சா இன்னும் மோசம்னு எனக்கு பின்னாடி தெரிஞ்சுது. உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல? நீங்கதானே தயாரிக்கிறீங்க? அப்புறம் எந்த தைரியத்துல மூடி வைக்க சொன்னீங்க?

திருப்பி போன் பண்ணப்ப எடுத்தாரு பாருங்க ஒருத்தர். பேரு கேட்டேன், சொல்லல. நான் எல்லாத்தையும் பொறுமையா சொல்லி முடிச்சதும் அவர் சொன்னது அப்படியே எழுதுறேன்: "சார், பசைக்கு ஒட்டத்தான் தெரியும், உங்க பொட்டி அழகா இருக்கணும்னு அதுக்கு தெரியாது." பக்கத்துல யாரோ சிரிச்சது எனக்கு கேட்டுச்சு. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதிட்டு இருக்கேன், பெட்டி கூட ரெண்டாம்பட்சம். அவரேதான் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு துடைங்க போயிரும்னாரு. போச்சு, ஷீட்டோட பளபளப்பு போச்சு! அதுல இருக்குற அசிட்டோன் அக்ரிலிக்க கரைக்கும்னு பசை கம்பெனில உக்காந்திருக்குற ஆளுக்கு தெரியாதா?

உங்க சர்வீஸ் சென்டர் கதைய விட்டுட்டேன் பாருங்க. ஒரு நாள் லீவு போட்டு, அந்த பெட்டிய மடியில வச்சு ஒன்றரை மணி நேரம் பஸ்ல போனேன். அங்க செக்யூரிட்டி மட்டும்தான். இது பார்சல் எடுக்குற இடம் சார், புகாரெல்லாம் ஆன்லைன்லன்னாரு. பாவம் அவர் மேல தப்பில்ல, தண்ணி குடுத்தாரு. உங்க கம்பெனில எனக்கு உருப்படியா கெடச்சது அந்த தண்ணி ஒண்ணுதான்.

அப்புறம் மாத்து பொருள்னு ஒண்ணு அனுப்புனீங்க, ஊசி வச்ச பாட்டில், தண்ணி மாதிரி இருக்குற சால்வென்ட், அக்ரிலிக்கயே கொஞ்சம் கரைச்சு ஒட்டுற வகை. நன்றி. ஆனா ஒரு துண்டு சீட்டு கூட இல்ல உள்ள, ஜன்னல தொறந்து வச்சு வேல செய்யுங்கன்னு கூட ஒரு வரி இல்ல, அந்த நெடிக்கு. புதுசா ஷீட் வெட்டி வாங்கி (அதுவும் என் செலவு) ஓரத்துல விட்டா சர்ருன்னு இடுக்குல ஏறி அழகா சேந்துக்குச்சு, அஞ்சு நிமிஷம் சந்தோஷமா இருந்தேன். நாலு நாள் கழிச்சு லைட்ட சாய்ச்சு பாத்தா ஜாயிண்ட்டுல இருந்து தலைமுடி மாதிரி விரிசல், நூறு இருக்கும்.

அக்ரிலிக்ல நேம் போர்டு செய்ற ஒருத்தர்கிட்ட காட்டுனேன். பாத்த உடனே கேட்டாரு, லேசர் கட்டிங்கா? லேசர் சூட்டுல ஓரத்துல ஒரு இறுக்கம் நின்னுடுமாம், அது மேல சால்வென்ட் பட்டா விரிசல் விடுமாம். மொதல்ல 80 டிகிரி வாக்குல ஓவன்ல வச்சு மெதுவா ஆற விடணும், இல்லன்னா அந்த ஓரத்த சீவி எடுக்கணும். ஓரம் நேரா இல்லாம இடைவெளி இருந்தா இந்த தண்ணி சால்வென்ட் அத நிரப்பாது, அதுக்கு ரெண்டு பாட்டில் கலந்து போடுற அக்ரிலிக் பசை வேற இருக்கு. அதையும் நீங்களே விக்கிறீங்களாம்! எட்டு தடவ போன் பண்ணேன், ஷீட்ட எப்படி வெட்டுனீங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?

என் ஆறு மாச உழைப்பு மொத்தமா நாசம். (கப்பல மெதுவா துடைச்சா கொஞ்சம் போகுது, அது வேற விஷயம்.) ரெண்டு செட் ஷீட், வெட்டு கூலி, ஒரு நாள் சம்பளம் எல்லாம் திருப்பி வேணும். லேபிள்ல அந்த டிக்க எடுங்க, இல்ல வெள்ளையா படியும்னு பக்கத்துல எழுதுங்க. தயவுசெஞ்சு பெரியவங்க யாராவது பாத்து பதில் போடுங்க, ஏழு நாள் பாப்பேன், இல்லன்னா நுகர்வோர் கோர்ட்டுக்கு போறது உறுதி, கால் ரெக்கார்டிங் என்கிட்ட இருக்கு. நான் சண்டைக்காரன் இல்லங்க, வீட்ல கேட்டுப் பாருங்க.

போட்டோ 11 சேத்திருக்கேன். ஏழாவது போட்டோவ மட்டும் பெருசு பண்ணி, அந்த சிரிச்சவருக்கும் காட்டுங்க.

இப்படிக்கு,
திருப்தி அடையாத வாடிக்கையாளர்