தண்ணீர் வராது என்று சொல்லலாம். ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு பகுதி மக்களுக்காகக் கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் சமுதாய வானொலிகளில் வரும் சமூக நீதி நிகழ்ச்சிகளைப் பாராட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பாராட்டு நியாயம்தான். எங்கள் பெங்களூருவின் ரேடியோ ஆக்டிவ் 90.4-இல் ஒரு திருநங்கை தொகுப்பாளராக அமர்ந்தது சின்ன விஷயமில்லை. தெலங்கானாவின் மச்னூர் கிராமத்தில் தலித் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோ 2008-லிருந்து ஒலிக்கிறது. ஆனால் இந்த வானொலிகளின் கையைக் கட்டிப்போட்டிருக்கும் விதி ஒன்றைக் கட்டுரை தொடவே இல்லை. சொந்தமாகச் செய்தி திரட்டி ஒலிபரப்ப அவற்றுக்கு அனுமதி கிடையாது. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். குடிநீர், மின்சாரம், வெள்ளம், வேலைவாய்ப்பு போன்ற சில அறிவிப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

சரி, இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவைப் பெருக்க வரும் பௌரகார்மிகப் (மாநகரத் தூய்மைப் பணியாளர்) பெண்களில் பாதிப்பேர் வீட்டில் தமிழோ தெலுங்கோ பேசுபவர்கள். விடிவதற்குள் மஸ்டரிங் சென்டரில் வருகை கொடுத்துவிட்டுத் துடைப்பத்தோடு நிற்பார்கள். அங்கே கழிப்பறை இல்லை, கையுறை கேட்டால் "அடுத்த மாசம்" என்கிறார்கள், சம்பளம் தள்ளிப்போகிறது என்பதெல்லாம் டீ குடிக்கும்போது நாங்கள் கேட்கிற பேச்சு. இதே பெண்கள் வானொலிக்குப் போனால் தொழிலாளர் உரிமை என்று பொதுவாகப் பேசலாம். எந்த வார்டில், எந்த மாதச் சம்பளம், யார் தரவில்லை என்று வந்துவிட்டால் அது செய்தி. தொகுப்பாளர் பதறிப்போய்ப் பாட்டுப் போட்டுவிடுவார். 2022 ஜூலையில் பணி நிரந்தரம் கேட்டு இந்த நகரத்தின் பௌரகார்மிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைத் தொலைக்காட்சிகள் காட்டின, பத்திரிகைகள் எழுதின. அவர்களுக்காகவே நடக்கும் வானொலி மட்டும் விதிப்படி அதைத் தன் செய்தியாகச் சொல்ல முடியாது!

நாள் முழுக்கக் கத்தும் செய்திச் சேனல்களுக்கு உரிமம் கொடுக்கிற நாடு, 50 வாட் சக்தியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாத ஒரு வானொலியைப் பார்த்து ஏன் பயப்படுகிறது? அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு சமுதாய வானொலி வேண்டும் என்ற பிரகடனம் எழுதப்பட்டதும் இதே பெங்களூருவில்தான். கல்வி நிறுவனங்களுக்கு 2002-லும் தொண்டு நிறுவனங்களுக்கு 2006-லும் கதவு திறந்தது. செய்திக்கான ஜன்னல் மட்டும் இன்னும் அடைத்தே கிடக்கிறது.

அப்புறம் பணம். 2024 வழிகாட்டு நெறிகளில் மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம் என்றார்கள்; முன்பு 7 நிமிடம். அரசு விளம்பரத்துக்கான கட்டணமும் அந்த ஆண்டு பத்து நொடிக்கு 74 ரூபாய் ஆனது. நல்லதுதான், நிலையத்தின் கரண்ட் பில்லாவது கட்டலாம். ஆனால் அரசு விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் நிலையம் அரசு அலுவலகத்தைப் பற்றி வாய் திறக்கத் தயங்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

செய்திக்கு அனுமதி கொடுத்தால் வதந்தி பரவும் என்பார்கள். வாட்ஸப்பில் பரவாததா? இங்கே நிலையம் யாருடையது, பேசியது யார், எல்லாம் தெரியும். ஒலிபரப்பியதன் பதிவை வைத்திருக்கவும் விதி இருக்கிறது. தப்பாகச் சொன்னால் நடவடிக்கை எடுக்கட்டும்.

ஆகாசவாணிக்குப் போட்டியாக டெல்லி அரசியல் பேச யாரும் கேட்கவில்லை. தங்கள் ஒலிபரப்பு எட்டும் பகுதியின் வார்டு, ரேஷன் கடை, மருத்துவமனை, சம்பளப் பட்டியல், இவை பற்றிய உள்ளூர்ச் செய்திக்காவது அனுமதி வேண்டும். தகவல் ஒலிபரப்பு அமைச்சரை உங்கள் நிருபர் அடுத்து பேட்டி காணும்போது இந்தக் கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள்.

— லிங்கராஜபுரம் வாசகி ஒருவர், பெங்களூரு