'நார்மல்' என்று வந்த ரிப்போர்ட்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ரத்தத்தில் ஈயம் குறைந்திருக்கிறது. "எல்லாம் நார்மல் அம்மா, இனிமேல் கவலைப்படாதே" என்று கூடவே ஒரு வரி. குறைந்ததில் சந்தோஷம்தான். ஆனால் லேபிலேயே காலம் தள்ளியவளிடம் அந்த வார்த்தை எடுபடாது.

பேட்டரி ஆலையில் ஈயம் உருக்கும் பிரிவை விட்டு நீ ஆபீஸ் பக்கம் வந்து சில மாதம் ஆகிறது. ரத்தத்திலுள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். எண் இறங்கத்தானே செய்யும்? உள்ளே போனதில் பெரும்பங்கு எலும்பில் உட்கார்ந்திருக்கிறது. கால்சியம் என்று ஏமாந்து எலும்பு அதைச் சேர்த்துக்கொள்கிறது. அங்கே அது பாதியாகப் பத்து, இருபது வருடம்கூட ஆகும். வயதாகி எலும்பு தேயும்போதும் கர்ப்பகாலத்திலும் அது திரும்ப ரத்தத்துக்கு வரும். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் வந்தால், டாக்டரிடம் முதலில் இந்த வேலையைப் பற்றிச் சொல்.

மூளை விஷயத்தில் உன்னைப் பயமுறுத்த மாட்டேன். எலும்பில் ஈயம் அதிகம் உள்ளவர்களுக்கு முதுமையில் ஞாபகமும் யோசனையும் சீக்கிரம் மங்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. கை நடுங்கி, உடம்பு இறுகி, நடை தளரும் பார்க்கின்சன் நோயோடும் தொடர்பு தெரிகிறது. அதற்காக ஈயம் பட்ட எல்லாருக்கும் நோய் வரும் என்றில்லை. வயது, மரபணு, பூச்சிமருந்து என்று பலதும் சேர்ந்துதான் அது வருகிறது.

மாங்கனீசு என்ற உலோகத்தின் கதை வேறு. அதை அரைத்த தொழிலாளர்கள் கால் வலுவிழந்து தள்ளாடியதை 1837-லேயே கிளாஸ்கோவில் ஜான் கூப்பர் எழுதிவைத்தார். பார்க்க பார்க்கின்சன் மாதிரியே இருக்கும், ஆனால் பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை இதற்குப் பெரும்பாலும் கேட்காது. வெல்டிங் புகையிலும் மாங்கனீசு உண்டு, அந்த வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு இதை வாசித்துக் காட்டு. புகையை உறிஞ்சும் குழாய் பொறி பறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மேலே ஃபேன் சுற்றினால் போதாது. வேலை உடுப்போடு வீட்டுக்கு வரவும் கூடாது.

அப்புறம், உடம்பிலுள்ள உலோகத்தை இழுத்துவிடுகிறோம் என்று டிரிப் ஏற்றும் விளம்பரங்களில் மாட்டிக்கொள்ளாதே. ஈயம் மிக அதிகமானவர்களுக்கு, டாக்டர் கண்காணிப்பில் மட்டும் செய்ய வேண்டிய சிகிச்சை அது. தவறான மருந்தை ஏற்றி, கால்சியம் இறங்கி, உயிரே போனவர்கள் உண்டு.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எடுத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதிவாரியாக அனுப்பு. எலும்பில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று ஓரளவு கணிக்க அந்த எண்கள் வேண்டும். 'நார்மல்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அம்மா